ஆற்று டிவிஷனில் மாடு எண்ணிய கதை

ஆற்றுக்கு விலை போடுகிற வேலை இருக்கிறதே, அதில் ஆற்றைத் தவிர மற்ற எல்லாரும் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். படிவக்கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தவர்கள், வாக்காளர் பட்டியல் சரிபார்த்தவர்கள், இன்சூரன்ஸ் விற்றவர்கள், கோயில் நன்கொடைப் புத்தகம் சுமந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாய் குரைக்கிற விதத்தை வைத்தே வீட்டுக்காரரின் குணத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள்.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் சிலாங்கூர் ஆற்றில் ஓடிக் கடலுக்குப் போகிற தண்ணீரைப் பக்கத்திலேயே தேக்கி வைத்தால், பட்டணத்தில் குழாய் வற்றும் நாட்களில் திறந்துவிடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. தேக்கத்துக்குக் குறித்த பள்ளத்தில் ஒரு செம்பனைத் தோட்டமும், அதன் கடைசியில் தொழிலாளர்களின் முப்பத்தோரு வரிசை வீடு கொண்ட ஆற்று டிவிஷன் லயமும் இருந்தன. திட்டத்தால் எவ்வளவு நன்மை, எவ்வளவு நஷ்டம் என்று பார்க்க ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார்கள். அந்த நிறுவனத்துக்குத் தமிழும் மலாயும் பேசுகிற, லயத்து ஆட்களைத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். நான் அகப்பட்டேன்.

நாற்பது வருஷம் தோட்டம் தோட்டமாகத் துண்டறிக்கை கொடுத்தவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கைகளில்தான். முதலில் படித்தேன், பிறகு எழுதினேன். இரண்டு தடவை லாக்கப், ஒரு தடவை தொழிற்சங்கத்திலிருந்து நீக்கம். அப்படிப்பட்டவன் நிறுவனத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அந்த முப்பத்தோரு வீடும் நஷ்டக் கணக்கில் ஏறினால்தான் அந்த ஜனங்களுக்கு மாற்று வீடு. ஏறாவிட்டால் சாமானை லோரியில் ஏற்றி ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று தோட்டங்களில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதினான்காம் கேள்வி

ஷா ஆலமில் ஒரு ஹோட்டலில் கேள்விப் படிவத்துக்கு ஒருநாள் பயிற்சி. நடத்தியவர் ரஞ்சினி, பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ஒரு தோட்டத்து ஆபீசில் ஆள் கணக்கெல்லாம் எழுதும் பெரிய கிராணியாக இருந்தவர் என்று அவரே சொன்னார். பெரிய கிராணிகளோடு எனக்கிருக்கும் பழைய பகையை இந்தப் பெண்ணிடம் காட்டக்கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். அந்த உறுதி பதினான்காம் கேள்வி வரைக்கும் நின்றது.

"ஆறு இப்போது இருப்பதுபோலவே இருக்க, மாதம் எத்தனை வெள்ளி கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள்?" இதுதான் பதினான்காம் கேள்வி. எழுந்து நின்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து ஆற்றங்கரையில் குடியிருப்பவன், ஆறு ஆறாகவே இருப்பதற்கு யாருக்குப் பணம் கட்ட வேண்டும்? வீட்டுக்குள் புகுந்தவனிடம், வெளியே போக எவ்வளவு வேண்டும் என்று வீட்டுக்காரனே கேட்கிற கதையாக அல்லவா இருக்கிறது? கால் மணி நேரம் பேசினேன். பின்னால் மத்தியானச் சாப்பாட்டு மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் பணம் கட்டப் போவதில்லை, ஆற்றுக்கு அவர்கள் மனத்தில் என்ன மதிப்பு என்று அறியத்தான் கேட்கிறோம் என்றார் ரஞ்சினி. யாரும் கொடுக்காத, யாரும் வாங்காத பணத்தைப் பற்றி ஒரு கேள்வியா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"கேள்விதான் அங்கிள் கற்பனை. பதில் உண்மையா இருந்தா போதும்."

இடித்து முடித்த லயம்

குடியிருப்பவர்களின் பட்டியலை வாங்கத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். இப்போதெல்லாம் அங்கே கிராணி என்று யாரும் இல்லை. குமரேசன் என்கிற பையன் ‘எக்சிகியூட்டிவ்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஏர்கான் குளிரில் உட்கார்ந்து கிராணி வேலையைப் பார்க்கிறான். கணினியைத் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான், மறுபடியும் தட்டினான். ஆற்று டிவிஷனில் வீடே இல்லை என்றான். வேலையை விட்டவர்கள் காலி செய்துவிட்டார்கள், லயத்தை இடித்தாயிற்று என்று பல வருஷத்துக்கு முன்பே மேலிடத்துக்கு யாரோ எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இடிக்க வேண்டிய கான்டிராக்டர் வரவே இல்லை. லயம் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

குமரேசன் பிறந்து வளர்ந்தது அதே லயத்தில், நாலாவது வீட்டில். அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். உன் அம்மா எங்கேயடா இருக்கிறாள் என்று கேட்டேன். அங்கேதான் இருக்கிறாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனே தினமும் அங்கே போகிறானாம். அப்படியானால் திருத்தி எழுது என்றேன். பாவம், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அம்மா இருக்காங்க அங்கிள், நான் இல்லேன்னு சொல்லல. சிஸ்டத்துலதான் வீடு இல்ல. இடிச்ச வீட்டை நான் எப்படி அங்கிள் திருப்பிக் கட்டறது?"

வழி தவறி வந்தது

லயத்தில் முதல் வீடு சின்னக்கண்ணுவுடையது. ரப்பர் காலத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை வெட்டித் தள்ளியவர், இப்போது மாடு வைத்துப் பிழைக்கிறவர். அந்த வட்டாரத்துக்கே அவர் வீட்டுப் பால்தான். ஆட்டுக்குட்டி எத்தனை என்றேன், இல்லை என்றார். காய்கறித் தோட்டம்? இல்லை. மரவள்ளி? இல்லை. அவருக்குப் பின்னால் புடலங்காய் கல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மாடு எத்தனை என்று கேட்டபோது, சிவப்புப் பசு ஒன்று வந்து என் படிவத்தின் ஓரத்தை மெல்ல ஆரம்பித்தது.

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. கம்பெனி நிலத்தில் மாடு வளர்க்கக் கூடாது, காய்கறி போடக் கூடாது என்பது சட்டம். பிடிபட்டால் பிடுங்கிப் போடுவார்கள். ‘கோட்டு போட்டவன் கேட்டால் கையை விரி’ என்று அந்தக் காலத்தில் துண்டறிக்கை எழுதி இதே லயத்தில் வீடு வீடாகக் கொடுத்தவன் நான். எழுத்துக்கு இவ்வளவு ஆயுள் இருக்கும் என்று அப்போது தெரியாது. அது காலத்துக்கு ஏற்ற அறிக்கை, இப்போது காலம் வேறு, மறைத்தால் நஷ்டம் என்று பொறுமையாக விளக்கினேன். அப்படியென்றால் இந்தப் பசு யாருடையது என்று கடைசியாகக் கேட்டேன். அவர் அதை முதல்முறையாகப் பார்ப்பவர்போல ஏற இறங்கப் பார்த்தார்.

"வழி தவறி வந்திருக்கும் போல தலைவரே. பத்து வருஷமாச்சு, இன்னும் யாரும் தேடி வரல."

பாதி மின்மினி

ஆற்றின் கீழ்ப்பக்கத்து நஷ்டத்தையும் எழுத வேண்டும் என்று கம்போங் குவாந்தானுக்கு அனுப்பினார்கள். மேலே தண்ணீரைப் பிடித்து வைத்தால் கீழே நல்ல தண்ணீர் குறையும், கடலுப்பு உள்ளே ஏறும், கரையிலிருக்கும் பெரெம்பாங் மரங்கள் பட்டுப்போகும், மரம் பட்டால் அதில் உட்காரும் மின்மினியும் போகும். இவ்வளவும் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். மின்மினி பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் பாக் மாட் என்கிற படகுக்காரர் படகைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். மின்மினி பாதியாகக் குறைந்தால் உங்கள் வருமானம் எவ்வளவு குறையும் என்று படிவத்தில் இருந்தபடியே மலாயில் கேட்டேன்.

அவர் வேலையை நிறுத்தவில்லை. ஏற்கெனவே பாதி போய்விட்டது என்றார். அவர் சின்ன வயதில் கரை முழுக்க ஒரே வீச்சில் மின்னுமாம். இப்போது இங்கொரு மரம், அங்கொரு மரம். வருமானம் குறைந்ததா என்றேன். இல்லை, கூடித்தான் இருக்கிறது, பேருந்து பேருந்தாக வருகிறார்கள் என்றார். ஆக, கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும். மரம் சாகலாம், பூச்சி சாகலாம், பூஜ்யம்தான். எனக்கு வந்த ஆத்திரத்தைப் பார்த்து அவரே என்னைச் சமாதானப்படுத்தினார்.

"பாதி போனது இவங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே? முழுசா இருந்தப்ப இவங்க பார்த்ததே இல்லையே."

வேறு ஆறு

அடுத்து, நன்மை அடைகிறவர்களையும் கேட்க வேண்டும் என்று சுங்கை பஞ்சாங் அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் பச்சை வயல். வெயிலில் வரப்பில் நடந்து முதல் ஆளைப் பிடித்தேன். ஹாஜி சலாமாட், ஜாவாக்காரர், நல்ல மனிதர். காப்பியும் மரவள்ளிக் கிழங்கு வறுவலும் வைத்தார். புதிய நீர்த்தேக்கம் வந்தால் உங்கள் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று ஆரம்பித்தேன். எந்த ஆற்றில் என்று கேட்டார். சிலாங்கூர் ஆறு என்றேன். அவர் சிரித்துவிட்டு, வாய்க்காலைக் காட்டினார். அந்த வயலுக்கு வருவது பெர்ணம் ஆற்றுத் தண்ணீர்.

ரஞ்சினிக்குப் போன் போட்டேன். ‘மாதிரி’ ஊர்களைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள், இனி ஊரை மாற்ற முடியாது, பதிலை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். வரைபடத்தில் இரண்டு ஆற்றுப் பாசனத்துக்கும் ஒரே பச்சை பூசியிருந்தார்களாம். நாற்பது வருஷம் முதலாளிகளோடு சண்டை போட்டவனுக்கு, ஒரு பச்சை நிறத்தோடு சண்டை போடத் தெரியவில்லை. நான் படிவத்தை மூடப் போனபோது ஹாஜி தடுத்தார்.

"இவ்வளவு தூரம் வெயில்ல வந்துட்டீங்க, நன்மைன்னே எழுதிக்குங்க. தண்ணி வேணாம்னு எந்த விவசாயி சொல்வான்?"

மூன்று ‘இல்லை’

ஒரு மாதம் கழித்து, அறிக்கையின் வரைவிலிருந்து ஒரு பக்கத்தை ரஞ்சினி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆற்று டிவிஷன் என்று போட்டு மூன்று வரி. குடியிருப்பு: இல்லை, தோட்ட ஆவணப்படி. கால்நடை: இல்லை, நேர்காணல்படி. பயிர்: இல்லை, நேர்காணல்படி. பக்கத்திலேயே சுங்கை பஞ்சாங் நன்மை கொழுத்துப்போய் நின்றது. அந்த மூன்று ‘இல்லை’யில் இரண்டு, முப்பத்தோரு வீட்டிலும் சொன்னபடியே என் கையால் எழுதியது. முப்பத்தோரு குடும்பத்தை நானே துடைத்து எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஆயாக்கொட்டாயில் கூட்டம் போட்டேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஒரு காலத்தில் அங்கேதான் விட்டுப் போவார்கள். பிள்ளை பார்த்த செல்லம்மா இன்னும் அந்தக் கொட்டாய்ச் சாவியை வைத்திருக்கிறது. ஒன்றும் இல்லை என்று சொன்னவனுக்கு ஒன்றும் கிடைக்காது, உள்ளதைச் சொன்னால்தான் வீடு என்று தொண்டை வற்றப் பேசினேன். என் கூட்டங்களில் கைதட்டு விழும், கல் விழும். இந்தத் தடவை கேள்வி விழுந்தது. கேட்டது செல்லம்மாதான்.

"நாப்பது வருஷமா இல்லேன்னு சொல்லச் சொன்னதும் இதே வாய்தான். இப்ப இருக்குன்னு சொல்லச் சொல்றதும் இதே வாய்தான். நாங்க எதைண்ணே கேக்கறது?"

ஒற்றைக் கொம்பு

ஆனாலும் பேச்சு வேலை செய்தது, தேவைக்கு மேலேயே. மறுவாரம் போனால், இல்லாத வீடே இல்லை. எல்லார் வீட்டிலும் மாடு, எல்லார் வீட்டிலும் ஆடு, ஒரு வீட்டில் இரண்டு ஏக்கர் வாழை. அந்த வீட்டுக்குப் பின்னால் சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே நான் காலை அகட்டி நின்றால் இடம் சரியாகிவிடும். சின்னக்கண்ணு பத்தொன்பது மாடு என்றார். வழி தவறியவையா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் போனில் படம் எடுக்க வேண்டும், எடுத்த இடம் தானாகப் பதிவாகும். வெயிலில் முப்பத்தோரு வாசலிலும் நின்று எடுத்தேன். நான் ஒரு வீட்டில் காப்பி குடித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டு வாசலில் மாடுகள் தயாராக நின்றன. எவ்வளவு ஒத்துழைப்பு என்று மனம் நெகிழ்ந்துபோனேன், மடையன்.

இரண்டு நாளில் ரஞ்சினி போன் செய்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. திங்கட்கிழமைக்குள் சரியான கணக்கு வராவிட்டால், நம்பத்தகாதது என்று போட்டு ஆற்று டிவிஷனையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒத்தக் கொம்பு மாடு ஒண்ணு ஆறு வீட்ல இருக்கு அங்கிள். ஆறாவது வீட்ல ரொம்ப களைச்சுப் போய் நிக்குதுலா, பாவம்."

பக்கத்து வீடு

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சினி தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் மறுபடியும் பேச எழுந்தேன். செல்லம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கொட்டாய்க் கதவைச் சாத்தி, எல்லாரையும் லயத்து வரிசைப்படி பாயில் உட்காரவைத்தது. யாரும் தன் வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது, அடுத்த வீட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றது. அவ்வளவுதான். நாற்பது வருஷமாக நான் திறக்க முடியாத வாயெல்லாம் திறந்துகொண்டது. சின்னக்கண்ணுவுக்குப் பத்தொன்பது இல்லை, பதினொன்று. அதில் ஒன்று சினை, இன்னும் பத்து நாளில் ஈனும். அந்த வாழைத் தோட்டம் ஏழு மரம், ஒன்று குலை தள்ளியது. கோழிகளை நொண்டி, குருடு என்று அங்க அடையாளத்தோடு சொன்னார்கள். இரண்டு இடத்தில் சண்டை வந்தது. ஆனால் அது பொய் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, இதையெல்லாம் எதற்குச் சொன்னாய் என்றுதான் சண்டை.

வீடு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் ரஞ்சினி. குமரேசனின் தாயார் எழுந்து போய், பல வருஷத்து மின்சார பில்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். மகன் தினமும் மத்தியானம் இங்கே சாப்பிடுவதையும் சேர்த்து எழுதச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் முப்பத்தோரு வீடும் ஏறிவிட்டது. இந்த முறையை எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று ரஞ்சினி ஆங்கிலமும் தமிழுமாகக் கேட்க, செல்லம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னது. பெரிய கிராணியின் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தது அப்போதுதான்.

"தன் வீட்டைக் கேட்டா எல்லாரும் ஊமைம்மா. பக்கத்து வீட்டைக் கேட்டுப் பாரு, எல்லாரும் கிராணிதான்."

கெர்லிங்

அதற்குப் பிறகு ஆற்று டிவிஷனில் யாரும் பழைய மாதிரி இல்லை. மாற்று வீடு நிச்சயம் என்று பேச்சு பரவிவிட்டது. மூலை வீடு யாருக்கு, மாடு கட்ட இடம் விடுவார்களா என்று இப்போதே அணி பிரிந்தார்கள். கூரை ஒழுகினால்கூட ஒட்டவில்லை. எப்படியும் போகப் போகிறோம் என்றார்கள். மாவட்ட மண்டபத்தில் இறுதி அறிக்கையைப் படிக்கிற அன்று வேன் வைத்து வந்தார்கள். ஆற்று டிவிஷனுக்கு இந்தத் தடவை முழுசாக நாலு பக்கம். வீடு, மாடு, பலாமரம், கோழி எல்லாம் இருந்தன. முன்வரிசையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி ஐந்தாவது பக்கத்தைத் திருப்பினார். இந்த இடத்தில் மக்களுக்கு ஏற்படும் நஷ்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆகவே நஷ்டம் குறைவான மாற்று இடமாகக் கெர்லிங் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றைப் பரிந்துரைக்கிறோம் என்று வாசித்தார். லயம் பிழைத்தது, மாற்று வீடு போனது. வேனில் ஏறும்போது சின்னக்கண்ணு, அப்படியென்றால் நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டார். தோட்டத்துச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது; அவருடைய பதினொரு மாடும் இப்போது அரசாங்க அறிக்கையில் அச்சாகிவிட்டன. நான் வேன் கதவைச் சாத்தினேன்.

அடுத்த வாரம் யாரும் அனுப்பாமலே கெர்லிங் போனேன். அந்தப் பள்ளத்தாக்கிலும் ஒரு பழைய தோட்டம், ஒரு வரிசை லயம். வாசலில் ஜாகாவாகக் காவல் இருக்கும் பெருமாள் என்பவர் என் கழுத்து அட்டையைப் படித்தார். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. எந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன். கேட்டைத் திறக்காமலே சொன்னார்:

"உங்க ஆளுங்க நல்லா எண்ணிக் கொடுத்தாங்களாமே தலைவரே. அதான்லா தண்ணி எங்க தலைமேல வருது."

நாற்பது வருஷப் போராட்டத்தில் ஒரு திட்டத்தையும் தடுத்து நிறுத்தியதில்லை என்று என்னை ஏசியவர்கள் குறித்துக்கொள்ளட்டும்: சரியான கணக்கு கொடுத்து, ஒரு நீர்த்தேக்கத்தையே கையால் தள்ளி அடுத்த ஏழை வாசலில் வைத்தவன் நான்.